ஆற்றங்கரையில் ஓர் அரையாண்டு

கட்டடக் கலை மாணவர்களின் தொழிற்பயிற்சி குறித்துக் கொற்கையில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கட்டடக் கலை மாணவர்களைப் பற்றிய பேச்சைக் கொற்கையில் ஏன் வைக்க வேண்டும்? சென்னையில் வைத்திருந்தால் கூட்டம் கூடியிருக்கும், செய்தித்தாளிலும் வந்திருக்கும். கொற்கை அப்படிப்பட்ட ஊர் இல்லை. பாண்டியர் துறைமுகமாக இருந்து, பெரிப்ளூஸ் நூலிலும் தாலமியின் நிலநூலிலும் பெயர் பதிந்த ஊர், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி வயலுக்கும் வாழைக்கும் நடுவே கிடக்கிறது. தாமிரபரணி சுமந்து வந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட்டது. பிஷப் கால்டுவெல் 1870-களில் இங்கே தோண்டிப் பார்த்தார். 1968–69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-ல் மறுபடியும் குழிகள் போட்டார்கள். செங்கல் கட்டுமானமும் சங்கு அறுத்த எச்சங்களும் வெளிப்பட்டன.

மண் எப்படிப்பட்டது, தண்ணீர் எந்தப் பக்கம் வழியும், செங்கல்லுக்கு மண் எங்கிருந்து வந்தது, கட்டியது எவ்வளவு காலம் நிற்கும்? கட்டடக் கலை படிக்கிறவர் தம் முதல் வரைபடத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம். கொற்கையின் தரையில் நின்றால் இவற்றைக் கேட்காமல் இருக்க முடியாது.

இந்த உரையின் வாதம் ஒன்றுதான். ஐந்தாண்டுப் படிப்பில் தொழிற்பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டுள்ள ஓர் அரையாண்டு பயிற்சியாக அமைய மூன்று வேண்டும்: பொறுப்பேற்கும் மூத்தவர் ஒருவர், அளந்தும் தொட்டும் பார்க்க ஒரு கட்டடம், மாதம் பிறந்தால் கைக்கு வரும் ஒரு தொகை. முதல் இரண்டும் இந்த ஆற்றங்கரையில் ஏராளம். மூன்றாவதைத் தருவதற்குத்தான் இதுபோன்ற அறக்கட்டளைகள் வேண்டும்.

சட்டம் கொடுத்ததும் கொடுக்காததும்

இந்தியாவில் கட்டடக் கலைஞர் சட்டம் 1972-ல் வந்தது. அதன் கீழ் அமைந்த கட்டடக் கலைக் குழுமம் கல்லூரிகளுக்கான குறைந்தபட்ச விதிகளை 1983-ல் வகுத்து, 2020-ல் புதுப்பித்தது. பிளஸ் டூவில் கணிதம் படித்தவர் 'நாட்டா' என்னும் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வருகிறார். ஐந்து ஆண்டுகளில், பிற்பாதியில் ஒரு பருவம் முழுக்க வெளியே ஓர் அலுவலகத்தில் வேலை கற்க வேண்டும். பட்டம் கையில் வந்ததும் குழுமத்தில் பதிந்துகொள்ளலாம். அதன்பின் கட்டடக் கலைஞர் என்று பெயர்ப்பலகை மாட்டலாம்.

வேறு நாடுகளில் நடைமுறை வேறு. பிரிட்டனில் படிப்பு முடிந்தவுடன் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது; தொழில் அனுபவம் காட்டித் தேர்வும் எழுதியாக வேண்டும். அமெரிக்காவில் உரிமம் கேட்பவர் 3,740 மணி நேர வேலை அனுபவத்தைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். அதையும் ஆறு பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் இவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்திய மாணவருக்கு அந்த ஓர் அரையாண்டுதான் சட்டம் கட்டாயமாகக் கொடுத்த தொழிற்காலம். அதை வீணாக்கினால் ஈடுகட்டச் சொல்லும் விதி எதுவும் பிறகு வராது.

2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், 1972-ம் ஆண்டுச் சட்டம் பதிவு பெறாதவர் 'கட்டடக் கலைஞர்' என்ற பெயரைப் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது, அந்த வேலைகளைச் செய்வதையே தடுக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஊர்ப்புறத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. அங்கே வரைபடம் போடுபவர் பெரும்பாலும் சிவில் டிப்ளமோ படித்தவர், கட்டித் தருபவர் மேஸ்திரி. புதிதாகப் பட்டம் வாங்கிய இளைஞர் அந்த மேஸ்திரிக்குத் தெரியாத எதைத் தெரிந்துகொண்டு சைட்டுக்குள் நுழைகிறார் என்பதில்தான் அவர் பிழைப்பு இருக்கிறது.

பல அலுவலகங்களில் பயிற்சி மாணவருக்கு வாய்ப்பது கணினி முன் ஒரு நாற்காலி. வேறொருவர் யோசித்த கழிப்பறைத் தளவமைப்பை ஆட்டோகேடில் திருத்துவார்; வாடிக்கையாளருக்குக் காட்ட வண்ணப் படம் தயாரிப்பார்; கடைசி நாளில் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குத் திரும்புவார். கான்கிரீட் ஊற்றுகிற நாளில் சைட்டில் நிற்காமலே அந்தப் பருவம் முடிந்துவிடும். அலுவலகத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆறு மாதத்தில் போய்விடும் பிள்ளைக்கு நேரம் செலவழிக்கச் சிறிய அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது.

அம்பாசமுத்திரத்துக் கல்

பொறுப்பேற்கும் மூத்தவரிடம் கற்கும் முறை இந்தக் கரைக்குப் புதிதில்லை. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலைக்கு அடிக்கல் 1979-ல் நாட்டப்பட்டது. வேலை 1990-ல் தொடங்கியது. 2000 ஜனவரி 1 அன்று 133 அடி உயரச் சிலை திறக்கப்பட்டது. அதற்கான கற்பட்டறைகளில் ஒன்று தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்தில் இயங்கியது. அங்கே செதுக்கிய கற்கள் குமரிக்குப் போய், கடல் நடுவே பாறைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின.

சிலையை வடிவமைத்த வை. கணபதி ஸ்தபதி பிள்ளையார்பட்டிச் சிற்பக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை வைத்தியநாத ஸ்தபதியிடம் கற்றவர். கல்லூரியில் கணிதமும் படித்தவர். 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையத்தில் தந்தைக்குப் பின் பொறுப்பேற்று, அது கல்லூரியாக வளர்ந்து பட்டம் தரும் காலம் வரை தலைமை வகித்தார். வீட்டுக்குள் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்ததை வகுப்பறையில் வைத்து, எந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கலாம் என்று அந்த நிலையம் காட்டியது. தொழிற்பயிற்சியைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் நடந்த பெரிய மாற்றங்களில் இது ஒன்று. ஆனால் கட்டடக் கலை மாணவர்கள் இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

பட்டறையின் கற்பிக்கும் முறை மெதுவானது. புதிதாக வந்தவருக்கு உளி தீட்டுவது வேலை. பிறகு கல்லின் முகத்தைச் சமப்படுத்துவது. பிறகு நூல் பிடித்துக் கோடு போடுவது. முகமும் கையும் செதுக்கக் கொடுக்க ஆண்டுகள் ஆகும். ஒவ்வொரு படியிலும் முந்தைய படியில் உள்ளவரின் பிழையை அடுத்தவர் கண்டுபிடிப்பார், ஏனென்றால் அந்தப் பிழைமேல்தான் அவர் வேலை செய்ய வேண்டும். இதில் குறை இல்லாமல் இல்லை. யாரைச் சேர்ப்பது என்பதைச் சாதியும் உறவும் முடிவு செய்த காலம் நீண்டது. பெண்ணுக்கு உளி கொடுத்த பட்டறைகள் அபூர்வம். இந்த முறையை அப்படியே திருப்பிக் கொண்டுவர யாரும் கேட்கப் போவதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: கற்பவரின் வேலை உண்மையான கட்டடத்துக்குள் போகிறது, அதற்கு மூத்தவர் பொறுப்பேற்கிறார்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்து, அடிப்பகுதியை முடிக்காமல் விட்டுவிட்டார்கள். மேலே விமானம் நகைவேலை போல நுணுக்கமாக முடிந்திருக்கிறது. கீழே போகப்போக உளித்தடம் முரடாகி, கடைசியில் வெறும் பாறை. வேலையின் வரிசை முழுவதும் அந்த ஒரே கல்லில் தெரியும். முடிந்த கோயில்கள் தம்மை எப்படிக் கட்டினார்கள் என்பதை மறைத்துவிடும், முடியாத இந்தக் கோயில் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

வராந்தா அலுவலகமும் பழைய காகிதமும்

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில் சி. அஞ்சலேந்திரன் என்ற தமிழ்க் கட்டடக் கலைஞர் வேறொரு வழி கண்டார். 1951-ல் பிறந்தவர், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவோடு நெருங்கிப் பழகியவர், எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமங்களைக் கட்டியவர். கட்டடக் கலை வரலாற்றாளர் டேவிட் ராப்சன் அவரைப் பற்றி எழுதிய நூல் 2009-ல் வந்தது. அதில் விவரிக்கப்படும் அலுவலகம் ஒரு வீட்டு வராந்தா. செயலாளர் இல்லை, கார் இல்லை, செல்பேசி இல்லை. ஒரே நேரத்தில் நான்கு உதவியாளர்களுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. அவர்களும் இளையவர்கள், பலர் மாணவர்கள்.

நான்கு பேர் என்ற எண்ணிக்கையில் காரியம் இருக்கிறது. நான்கு பேர் இருக்கும் வராந்தாவில் யாரும் ஓரமாக உட்கார்ந்து நாளைக் கடத்த முடியாது. மூத்தவர் கோடு போடுவதைப் பார்க்கலாம். அவர் வாடிக்கையாளரிடம் எப்படி மறுத்துப் பேசுகிறார் என்று கேட்கலாம். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்காக வரும் புகாரையும் சேர்த்தே கற்கலாம்.

இன்னொரு பள்ளி நெல்லைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாகர்கோவில் வழியாகப் போனால் அரைநாளில் திருவனந்தபுரம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970 வாக்கில் அங்கே குடியேறி 2007-ல் மறையும் வரை வீடுகள் கட்டினார். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளவில்லை. வந்த கடித உறைகளின் பின்பக்கத்தில் வரைந்தார். பாதி முடிவுகளைச் சைட்டில் கொத்தனாரோடு நின்று எடுத்தார். செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ராட் ட்ராப்' சுவரையும், கூரைக் கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் பழைய ஓட்டை வைத்துச் சிமெண்டை மிச்சப்படுத்தும் தளத்தையும் அவரிடம் பார்த்துப் பழகியவர்கள் தென்னிந்தியா முழுதும் இருக்கிறார்கள். 1985-ல் தொடங்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு இன்னும் அந்த முறையில் கட்டுகிறது, மாணவரையும் கொத்தனாரையும் சேர்த்தே பழக்குகிறது.

மூத்தவரிடம் கற்கும் அந்தச் சங்கிலி எங்கே போகிறது என்று பார்த்தால் பயன் தெரியும். பேக்கரின் வழியில் வந்த பென்னி குரியாகோஸ், சென்னைக்கு அருகே 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் பணியாற்றினார். 2004 சுனாமிக்குப் பின் தரங்கம்பாடியில் மீனவர் வீடுகளுக்குத் திட்டம் தந்தார். திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் படித்த வினு டேனியல், அதே சுனாமிப் புனரமைப்பில் ஆரோவில் மண் நிறுவனத்தோடு வேலை செய்து மண்கல் தொழில்நுட்பத்தைக் கற்று, 2007-ல் 'வால்மேக்கர்ஸ்' என்று தனியாகத் தொடங்கினார். தமிழ்நாட்டில் சூளகிரிப் பக்கம் அவர் கட்டிய வீடு உலகம் முழுதும் படமாகப் போனது. ஒரு பேரிடர், சில நல்ல மூத்தவர்கள், களத்தில் கழித்த சில ஆண்டுகள். தேர்வுத்தாளில் வாங்கிய மதிப்பெண்ணை விட இவைதாம் அந்த வேலைகளுக்கு விதை.

மாணவர்கள் தாங்களே கூடிக் கற்ற வரலாறும் உண்டு. இன்று கட்டடக் கலைஞர்களின் பெரிய தொழில்முறைச் சங்கமாக விளங்கும் இந்தியக் கட்டடக் கலைஞர் நிறுவனம், 1917-ல் பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய மாணவர் சங்கம்தான். கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட் அதன் முதல் தலைவர். 1929-ல்தான் இப்போதைய பெயர் வந்தது. இன்றைய கட்டடக் கலை மாணவர்களின் தேசிய அமைப்பான 'நாசா இந்தியா' ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளில், பழைய கட்டடங்களை அளந்து ஆவணமாக்குவதற்கு கட்டடக் கலைஞர் லூயி கான் பெயரில் ஒரு கோப்பையே இருக்கிறது. நெல்லைச் சீமையின் ஒரு தெருவோ ஒரு கோபுரமோ அந்தப் போட்டிக்குப் போகலாம்.

காசு இல்லாமல் கற்றவர்கள்

இந்தியக் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1951-ல் பாரிசில் கட்டடக் கலைஞர் லே கொர்புசியேவின் அலுவலகத்தில் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளம் இல்லை. பின்னாளில் 2018-ல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார். இப்படிப்பட்ட கதைகளைச் சொல்லித்தான் சம்பளமில்லாப் பயிற்சியை அலுவலகங்கள் நியாயப்படுத்துகின்றன. ரொட்டியும் ஆலிவும் தின்று ஒரு மேதை உருவானார் என்பது உண்மை. அந்த எட்டு மாதத்தைத் தாங்க முடியாமல் ஊர் திரும்பியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை என்பதும் உண்மைதான்.

உலகம் சிறிது மாறியிருக்கிறது. 2019-ல் லண்டன் செர்பன்டைன் காட்சிக்கூடத்தின் கோடைப் பந்தலை ஜப்பானின் ஜுன்யா இஷிகாமி வடிவமைத்தார். அவர் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் பயிற்சியாளர்கள் வேலை செய்வது வெளியே வந்து சர்ச்சையானது. பந்தல் வேலையில் இருந்த அனைவருக்கும் ஊதியம் கொடுக்கச் சொன்னது காட்சிக்கூடம். அதே சர்ச்சையின் சூட்டில், பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற சிலியின் அலெஹாண்ட்ரோ அரவேனா தம் அலுவலகத்தின் பயிற்சித் திட்டத்தையே நிறுத்திவிட்டார். திட்டத்தை நிறுத்தியதால் எந்த மாணவருக்கும் நன்மை விளையவில்லை. கேட்டது கதவைச் சாத்தச் சொல்லி இல்லை, சம்பளம் கொடுக்கச் சொல்லி.

ஏரலிலிருந்தோ விக்கிரமசிங்கபுரத்திலிருந்தோ ஒரு மாணவி பயிற்சிக்குச் சென்னை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவரானால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022-ல் தொடங்கிய இந்தத் திட்டமும், மாணவர்களுக்காக 2024-ல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் படிப்பு நின்றுபோகாமல் காக்க உதவுகின்றன. ஆனால் சென்னையில் பெண்கள் விடுதிக் கட்டிலுக்கும், ரயிலுக்கும், மதியச் சாப்பாட்டுக்கும் அது எந்த மூலைக்கு? அலுவலகம் தரும் தொகை பயணச் செலவுக்குப் போதாது என்றால், பயிற்சிக்கு நல்ல இடம் வீட்டில் வசதி உள்ள பிள்ளைக்குக் கிடைக்கும். மற்றவர் தம் ஊருக்குப் பக்கத்தில் எவர் கையெழுத்துப் போடுவாரோ அவரிடம் போவார். திறமை பார்த்துப் பிரிந்த வரிசை இல்லை இது.

பட்டம் முடித்தவர்களுக்கு வேறு கதவு ஒன்று திறந்தது. 2020-ல் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகமும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யும் 'துலிப்' என்ற பெயரில் மாநகராட்சிகளிலும் ஸ்மார்ட் சிட்டி நிறுவனங்களிலும் பயிற்சி இடங்களை ஏற்படுத்தின. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் 2017-ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் சேர்ந்த நகரங்கள். நகராட்சி அலுவலகத்தில் சில மாதம் இருந்தால் வரைபட அனுமதி எப்படிக் கிடைக்கிறது, எங்கே தேங்குகிறது, டெண்டர் எப்படி விடப்படுகிறது என்பதெல்லாம் தெரியும். தனியார் அலுவலகத்தில் அது கிடைக்காது.

நூல், டியூப், தூக்குக்குண்டு

இந்தக் கரையில் கற்க என்ன இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு வேலையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆற்றங்கரைப் படித்துறை ஒன்றில் பழைய கல்மண்டபம். நான்கு வரிசைத் தூண்கள். நான்கு மாணவர்களிடம் அதை அளக்கச் சொல்ல வேண்டும். லேசர் கருவியை முதல் நாள் பையிலேயே வைத்துவிடலாம்.

முதலில் மட்டம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பிக் காற்றுக்குமிழ் போகும் வரை ஆட்டி, ஒரு முனையை முதல் தூணிலும் மறுமுனையை அடுத்த தூணிலும் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் நீர் நின்ற இடத்தில் சாக்பீஸ் கோடு. இப்படியே எல்லாத் தூண்களுக்கும் ஒரே மட்டம் கிடைத்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து தரைக்கு அளந்தால் முதல் ஆச்சரியம்: தரை சமமாக இல்லை. ஆற்றைப் பார்த்துச் சாய்கிறது. கல் இறங்கியதா, கட்டும்போதே கொடுத்த வாட்டமா? ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். வரிசையாகச் சீராகச் சரிந்தால் மழைநீர் வடிய விட்ட வாட்டம். பதிலைப் புத்தகத்தில் தேட வேண்டாம், அடுத்த தூணுக்கு நகர்ந்தால் போதும்.

பிறகு நாடா. தூணுக்குத் தூண் தனித்தனியாக அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரிதாகும். அதனால் ஒரே பூஜ்ஜியத்திலிருந்து நாடாவை முழு நீளத்துக்கும் இழுத்துப் பிடித்து, வரிசையாக எண்களைப் படிக்க வேண்டும். ஒருவர் படிப்பார், ஒருவர் திருப்பிச் சொல்லி எழுதுவார். கடைசியில் குறுக்காக மூலைக்கு மூலை இரண்டு அளவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மண்டபம் செவ்வகமில்லை. தூண் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு. காற்று நிற்கும் வரை காத்திருக்க வேண்டும்; ஆற்றங்கரையில் அது விடியற்காலையில்தான் நடக்கும்.

மதியம் வரைபடம் போட உட்காரும்போது ஏதாவது ஓர் அளவு விட்டுப்போயிருக்கும். திரும்பப் போய் எடுத்துவர வேண்டும். இப்படிச் சில நாள் கழிந்தபின் ஒரு மாணவர் 'இரண்டு அடி' என்று எழுதும்போது கைக்கு அந்த இரண்டு அடி தெரியும். கணினித் திரையில் தூணை இழுத்து நகர்த்தியவருக்கு அது தெரிவதில்லை.

இதே வேலையைத் திருநெல்வேலி டவுன் பக்கத்துப் பழைய வீட்டில் செய்யலாம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம், கடைசியில் புறவாசல், மேலே தட்டட்டி. ஜன்னல் வைக்கப் பக்கச் சுவர் இல்லாத வீட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் எப்படி வருகின்றன என்பதை ஒரே ஒரு நெடுக்குவெட்டு வரைபடம் போட்டுக் காட்டிவிடலாம். அகலம் குறைந்த மனையில் வீடு கட்டக் கேட்டு வரும் இன்றைய வாடிக்கையாளருக்கும் அந்த வரைபடம் பயன்படும்.

இங்கே பாடமாக நிற்கும் பட்டியல் நீளம். திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் ஐந்து தளத்திலும் மரச்சிற்பமும் ஓவியமும் இருக்கின்றன. பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம் பதினோரு வளைவுகளில் நிற்கிறது. வரைந்தவர் கேப்டன் ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர், பணம் போட்டவர் சுலோசன முதலியார். இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய ஆலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின, 1880-ல் பிரதிஷ்டை. சிறுவனாகக் கல் சுமக்க வந்தவர் கொத்தனாராகி அந்த வேலையிலேயே தலை நரைத்திருக்கக்கூடிய காலம் அது. சுண்ணாம்பைக் குழியில் ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கைகள் கோயில் திருப்பணிகளில் இன்னும் வேலை செய்கின்றன. அந்தக் கைகளுக்கும் வயதாகிறது.

வெள்ளம் எழுதிய கோடு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் தண்ணீருக்குள் இருந்தது. அந்த நாட்களை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

வீட்டுச் சுவர்களில் வெள்ளம் விட்டுப்போன கறைக்கோடு வெள்ளையடித்ததும் மறைந்துவிடும். ஒவ்வொரு தெருவிலும் நீர் எவ்வளவு உயரம் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தச் சுவர் விழுந்தது, எது நின்றது என்று வீடு வீடாகக் கேட்டு, மட்டம் பிடித்து, வரைபடத்தில் குறித்தால் அது மாணவர் பயிற்சியாகவும் ஊராட்சிக்கு ஆவணமாகவும் ஆகும். அடுத்த வீட்டின் தரைமட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு இல்லை.

வெள்ளத்தோடு வாழக் கற்ற கட்டடம் ஒன்று நெல்லையிலேயே இருக்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. நீர் ஏறும் என்று தெரிந்தால் உற்சவரையும் பூசைப் பொருட்களையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். வெள்ளம் கோயிலை மூடிப் போகிறது. வடிந்ததும் மணலை அள்ளிக் கழுவிவிட்டுப் பூசை தொடங்குகிறது. கல்லும் மனிதரும் சேர்ந்து செய்யும் ஏற்பாடு இது. கட்டடம் தாங்க வேண்டியதைக் கட்டடம் தாங்குகிறது, எடுத்துப்போக வேண்டியதை மனிதர் எடுத்துப்போகிறார்கள். பேரிடர்க் கால வடிவமைப்பு என்று கல்லூரியில் தேர்வு எழுதுகிறவர்கள் அங்கே ஒரு மழைக்காலம் நின்று பார்க்கலாம்.

வட்டித் தொகையைக் கொண்டு என்ன செய்வது

அறக்கட்டளைகள் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு, ஒரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு என்று வட்டியைச் செலவிடுகின்றன. சொற்பொழிவுக்கு வந்தவர் தம் பிழைப்பையே கெடுத்துக்கொள்வதுபோல் இருந்தாலும், அந்தப் பணத்தில் பெரும்பங்கை வேறு வழியில் திருப்பலாம் என்று இந்த உரை கேட்டுக்கொள்கிறது.

ஆண்டுக்கு இரண்டு மாணவர்கள் போதும். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பயிற்சிப் பருவத்தில் இருப்பவர்கள். அவர்களில் ஒருவராவது முதல் தலைமுறைப் பட்டதாரியாக இருக்கட்டும். தங்க இடம் ஸ்ரீவைகுண்டத்திலோ ஏரலிலோ. உதவித்தொகை மாதத் தொடக்கத்திலேயே கைக்கு வர வேண்டும். பருவம் முடிந்தபின் சான்றிதழோடு சேர்த்துக் கொடுப்பது உதவியாகாது. விபத்துக் காப்பீடு எடுக்காமல் ஒருவரையும் சாரத்தில் ஏற்றக் கூடாது.

ஒரே வழிகாட்டி போதாது. பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் வரைபடத்துக்குப் பொறுப்பு. குழுமத்தின் விதிக்கும் அவர் கையெழுத்துத் தேவை. திருப்பணியில் இருக்கும் ஸ்தபதி அல்லது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் கைவேலைக்குப் பொறுப்பு. இருவரும் வாரத்தில் ஒரு நாளாவது மாணவரோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கொத்தனாருக்கு அந்த நாளின் கூலி உண்டு. அவர் சொல்லிக்கொடுப்பதும் வேலைதான்.

பெண்களுக்கு ஓர் ஏற்பாடு தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல கட்டடப் பணியிடங்களில் பெண்ணுக்குக் கழிப்பறை கிடையாது. சித்தாள் பெண்கள் காலங்காலமாக இதைச் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். மாணவியர் சைட்டைத் தவிர்த்து அலுவலக நாற்காலியோடு நின்றுவிடுவதற்கு இது ஒரு காரணம், ஆனால் யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை. உதவித்தொகை பெறும் மாணவர் போகும் இடத்தில் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பறை இருக்க வேண்டும் என்று அறக்கட்டளை நிபந்தனை போட்டால், அந்தச் சித்தாள்களுக்கும் அது கிடைக்கும்.

நாட்குறிப்பு தமிழில் எழுதப்பட வேண்டும். ஸ்டுடியோவில் ஆங்கிலத்தில் தடுமாறுகிற பிள்ளைக்குச் சைட்டில் தமிழ் பெரிய பலம். உத்தரம், வாட்டம், சாரம், தாங்குகட்டை என்று கொத்தனாரோடு நேரே பேச முடியும். வாரம் ஒரு பக்கம் போதும்: இந்த வாரம் என்ன அளந்தேன், எங்கே அளவு பொய்த்தது, யார் திருத்தினார்கள். பருவ முடிவில் ஒரு கட்டடத்தின் முழு அளவு வரைபடம் மூன்று படிகளாகத் தயாராக வேண்டும். கல்லூரிக்கு ஒன்று, அந்தக் கட்டடத்தின் உரிமையாளருக்கோ கோயில் அலுவலகத்துக்கோ ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று. நூலகப் படி முக்கியம். பத்து ஆண்டு கழித்து அந்த மண்டபத்தைப் பழுது பார்க்க வருகிறவர் அதைத்தான் தேடுவார்.

முதல் ஆண்டுக்கு இரண்டு வேலைகளைப் பரிந்துரைக்கலாம். ஒருவர் கரையோரப் படித்துறை மண்டபம் ஒன்றை அளக்கட்டும். மற்றவர் 2023 வெள்ள மட்டத்தைக் கொற்கையிலும் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகக் குறிக்கட்டும். மாணவர்களைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண் பட்டியலைப் பார்க்க வேண்டாம். ஒரு முற்பகல் முழுக்க ஒரே ஒரு தூணை அளந்து வரையச் சொல்லி, யார் விட்டுப்போன அளவை எடுக்கத் திரும்பிப் போகிறார் என்று பார்த்தால் போதும். தேர்வுக் குழுவில் கல்லூரி ஆசிரியர் ஒருவரும் கட்டடக் கலைஞர் ஒருவரும் இருப்பார்கள். மூன்றாவது இடத்தை உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்குக் கொடுப்பதா என்பதை அறக்கட்டளையினர் இன்றைய கூட்டத்துக்குப் பின்பே முடிவு செய்துகொள்ளலாம். பயிற்சிப் பருவத்துக்குக் கல்லூரிகள் இடம் தேடத் தொடங்கும் முன் அறிவிப்பு வெளியாக வேண்டும்.